ஈ85 இன்ஜின்ல கம்மி விலை இன்ஜெக்டர்: எந்த அறிகுறிக்கு எங்க தேடணும்

எரிபொருள இன்ஜினுக்கு தெளிக்கிற இன்ஜெக்டர் புது செட் மாட்டியாச்சு, ஈ85 (எத்தனால் அதிகமா கலந்த பெட்ரோல்) ஊத்தியாச்சு, ஸ்டார்ட் பண்ணா ஐடில்ல இன்ஜின் குலுங்குது, இல்லன்னா பூஸ்ட் (டர்போ குடுக்கிற காத்து அழுத்தம்) ஏறுனதும் லீன் போகுது, அதாவது காத்துக்கு ஏத்த எரிபொருள் வரல, உடனே பக்கத்துல நிக்கிறவங்க எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "கம்மி விலைல வாங்குனீங்கல்ல, அதான்". எனக்கு இது கேட்டு கேட்டு அலுத்துப்போச்சு. நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல இன்ஜெக்டர் மேல தப்பே இருக்காது, ஈசியூல (இன்ஜின் கம்ப்யூட்டர்) போட்ட நம்பர் தப்பா இருக்கும் இல்ல இன்ஜெக்டருக்கு பின்னாடி வர்ற பிரஷர் பத்தாம இருக்கும். அதனால கழட்டி தூக்கிப்போடுறதுக்கு முன்னாடி கீழ இருக்கிற வரிசைல ஒருதடவை பாத்துருங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. ரெயில (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் வர்ற குழாய்) கழட்டுறதுக்கு முன்னாடி பம்ப் ஃபியூஸ உருவிட்டு பிரஷர இறக்கிடுங்க, தீயணைப்பான் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும். எத்தனால் அதிகமா இருக்கிற எரிபொருள் பத்திக்கிட்டா பகல் வெளிச்சத்துல அந்த தீ கண்ணுக்கு சரியா தெரியாம போகலாம், பெட்ரோல் தீ அளவுக்கு மஞ்சளா கொழுந்துவிட்டு காட்டிக்கொடுக்காது. இத லேசா எடுத்துக்காதீங்க.

முதல்ல சைஸ் சரியான்னு பாருங்க

சைஸே தப்புன்னா மத்த எந்த அறிகுறியையும் தேடி பிரயோஜனம் இல்ல. பெட்ரோல் முழுசா எரியுற காத்து-எரிபொருள் எடை விகிதம் சுமார் 14.7, ஈ85க்கு சுமார் 9.8, அதாவது அதே காத்துக்கு எடைக் கணக்குல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எரிபொருள் போகணும், அடர்த்தி வித்தியாசத்தையும் சேத்து பாத்தா அளவு கணக்குல 40 சதவீதம் கூடன்னு வெச்சுக்கலாம்.

கணக்கு சிம்பிள்தான். ஹெச்பிய ஒரு மணிநேரத்துல ஒரு ஹெச்பிக்கு எத்தனை பவுண்டு எரிபொருள்ங்கிற எண்ணால பெருக்கி, அத சிலிண்டர் எண்ணிக்கையும் டியூட்டியும் (மொத்த நேரத்துல இன்ஜெக்டர் திறந்திருக்கிற சதவீதம்) பெருக்கி வர்றதால வகுக்கணும். டர்போ பெட்ரோலுக்கு அந்த எண் 0.60 பக்கம், ஈ85க்கு 0.85 பக்கம் வெச்சா பாதுகாப்பா இருக்கும். நாலு சிலிண்டர், 500 ஹெச்பி, 85 சதவீத டியூட்டின்னா 500 x 0.85 / (4 x 0.85), 125 பவுண்டு வருது, சிசில சொன்னா நிமிஷத்துக்கு சுமார் 1300. அதே இன்ஜின் பெட்ரோல்ல 900 சொச்சம் சிசியிலயே ஓடிரும். இங்கதான் நிறைய பேர் விழுறாங்க, பெட்ரோல் கணக்குல 1000 சிசி வாங்கிட்டு ஈ85க்கு "கொஞ்சம் கூட இருக்கு போதும்"னு நினைச்சுக்கிறாங்க.

வாங்கும்போது "1000 சிசி"ன்னு மட்டும் சொன்னா அது அர்த்தமில்லாத நம்பர், எத்தனை பிரஷர்லன்னு கேளுங்க. பெரும்பாலும் 3 பார், அதாவது 43.5 பிஎஸ்ஐல அளந்து சொல்வாங்க, ஆனா சிலர் 4 பார்ல அளந்து பெரிய நம்பரா காட்டுவாங்க. ஃப்ளோ, பிரஷரோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரிதான் ஏறும், 3 பார்ல 1000 சிசி குடுக்கிறது 4 பார்ல 1155 குடுக்கும். அதனால 4 பார்ல 1150ன்னு விக்கிறதும் 3 பார்ல 1000ன்னு விக்கிறதும் ஒரே சாமான்தான்.

ஐடில்ல குலுங்குது, ஓட்டும்போது பரவால்ல

இதுதான் அதிகமா வர்ற புகார், கம்மி விலை செட்டுக்கு கெட்ட பேரு வாங்கிக்குடுக்கிறதும் இதுதான், அதனால கொஞ்சம் நின்னு பாப்போம்.

இன்ஜெக்டருக்கு கரண்ட் குடுத்த உடனே அது திறக்காது, காயில்ல காந்தம் ஏறி ஊசி தூக்குறதுக்கு ஒரு நேரம் எடுக்கும், அதுக்கு பேரு டெட் டைம். உதாரணத்துக்கு ஐடில்ல மொத்த பல்ஸ் (ஒருதடவை கரண்ட் குடுக்கிற நேரம்) 1.6 மில்லிசெகண்ட், அதுல 0.9 டெட் டைம்னா உண்மையில எரிபொருள் போறது வெறும் 0.7 மில்லிசெகண்ட்தான். ஈசியூல போட்ட டெட் டைம் 0.1 மட்டும் தப்பா இருந்தா ஐடில்ல 14 சதவீதம் எகிறிரும். அதே 0.1 தப்பு ஃபுல் த்ராட்டில்ல 13 மில்லிசெகண்ட் பல்ஸ்ல ஒரு சதவீதம்கூட வராது. அதனாலதான் ஐடில்ல கண்றாவியா இருக்கிற வண்டி மேல நல்லா ஓடுது.

ட்ரிம்ம (ஈசியூ தானா எரிபொருள கூட்டிக் குறைக்கிற திருத்தம்) பாருங்க. ஐடில்ல அதிகமா விலகி, க்ரூஸ்ல (சீரா ஓட்டும்போது) குறைஞ்சு, லோட்ல (நல்லா மிதிக்கும்போது) காணாம போகுதுன்னா டெட் டைம் தப்பு. ஐடில், க்ரூஸ், லோட் எல்லா இடத்துலயும் ஒரே சதவீதம் விலகுதுன்னா ஃப்ளோ நம்பர் தப்பு, இல்ல எத்தனால் அளவு தப்பு. கீழ சரியா இருந்து மேல போகப்போக லீன் ஆகுதுன்னா பிரஷர் போதல. இந்த மூணையும் பிரிச்சு பாக்க தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது, ஆனா நிறைய பேர் எல்லாத்துக்கும் விஇ டேபிள (இன்ஜின் எவ்வளவு காத்து இழுக்குதுங்கிற ஈசியூ அட்டவணை) இழுத்து இழுத்து சரிபண்றாங்க, அது அன்னைக்கு சரியா தெரியும், மறுநாள் காலைல குளிர்ல வேற மாதிரி ஓடும்.

இன்னொரு சோதனை, லாம்டா மீட்டர் தவிர வேற கருவி வேணாம். இன்ஜின் சூடானதும் ஐடில்ல விட்டு லாம்டாவ (1னா சரியான கலவை, மேல போனா லீன், கீழ போனா ரிச், அதாவது எரிபொருள் அதிகம்) பாத்துக்கிட்டே ஹெட்லைட், ப்ளோவர், ரேடியேட்டர் ஃபேன் எல்லாத்தையும் ஒண்ணா போடுங்க. வோல்டேஜ் இறங்கும்போது லாம்டா லீன் பக்கம் நகருதுன்னா டெட் டைம் டேபிள்ல வோல்டேஜ் கணக்கு தப்பு. டெட் டைம் வோல்டேஜ் குறைய குறைய கூடும், 14 வோல்ட்ல 0.9 இருக்கிறது 10 வோல்ட்ல ஏறக்குறைய ரெட்டிப்பாக்கூட ஆகலாம். அதனாலதான் நான் கத்துறது, வோல்டேஜ் வாரியா, முடிஞ்சா பிரஷர் வாரியாவும் டெட் டைம் டேபிள் குடுக்காத செட்ட எவ்வளவு கம்மியா குடுத்தாலும் வாங்காதீங்க. அந்த நம்பரக் கண்டுபிடிக்க டைனோல (இன்ஜின் பவர் அளக்கிற மெஷின்) செலவாகிற மணிநேரத்துல அடுத்த தரத்து செட்டே வாங்கிரலாம்.

டேபிள் சரியா இருந்தும் ஐடில் நிலைக்கலயா, அப்ப சைஸ் ரொம்ப பெருசா வாங்கிட்டீங்களான்னு பாருங்க. ரொம்ப சின்ன பல்ஸ்ல எந்த இன்ஜெக்டரும் நேர்கோட்டுல ஃப்ளோ குடுக்காது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வித்தியாசமா தெளிக்கும். ஈ85ல தப்பிச்சிடும், ஏன்னா அளவு அதிகமா வேணும், அதே வண்டில பெட்ரோல் ஊத்துன அன்னைக்கு பல்ஸ் இன்னும் சின்னதாகி குலுங்க ஆரம்பிச்சிரும். ரெண்டு எரிபொருள்லயும் ஓட்டுறவங்க "பின்னாடி பவர் ஏத்திக்கலாம்"னு தேவைக்கு ரெண்டு மடங்கு சைஸ் எடுக்காதீங்க.

பூஸ்ட்ல, மேல் ஆர்பிஎம்ல லீன் போகுது

ஆக்ஸிலரேட்டர விட்டுருங்க முதல்ல. லீன்ல ஒருதடவை கூட இழுத்துப் பாக்கலாம்னு நினைச்சா பிஸ்டன் போயிரும். லாகர்ல நாலு விஷயம் ஒண்ணா ரெக்கார்ட் ஆகணும், லாம்டா, டியூட்டி, பூஸ்ட், ரெயில் பிரஷர். ரெயில் பிரஷர் சென்சார் இல்லாம ஈ85ல பெரிய பவர் எடுக்கிறது கண்ணக் கட்டிக்கிட்டு ஓட்டுற மாதிரி, இன்ஜெக்டர்ல மிச்சம் பிடிச்ச காசுல முதல்ல இத வாங்குங்க.

டியூட்டிய பாருங்க. 7200 ஆர்பிஎம்ல ஒரு முழு சுத்துக்கு, அதாவது க்ராங்க் ரெண்டு சுத்து சுத்துறதுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான் நேரம். பல்ஸ் 14.2 வந்தா டியூட்டி 85. அதுக்கு மேல 95, 100ன்னு போகுதுன்னா நிஜமாவே இன்ஜெக்டர் பத்தல, மூடுறதுக்கே நேரம் இல்லாம திறந்தே கிடக்கும். டியூட்டி 75, 80ல நிக்குது ஆனா லீன் போகுதுன்னா இன்ஜெக்டர மாத்தாதீங்க, பிரஷர பாருங்க.

ரெகுலேட்டர் வேக்யூம் ஹோஸ் மூலமா பூஸ்ட்டுக்கு சமமா பிரஷர ஏத்தணும். பேஸ் (பூஸ்ட் இல்லாதப்ப இருக்கிற பிரஷர்) 43.5 பிஎஸ்ஐ, பூஸ்ட் 22ன்னா ரெயில்ல 65.5 நிக்கணும். அங்க 58தான் நிக்குதுன்னு வைங்க, பாக்க நல்ல நம்பர் மாதிரிதான் இருக்கும், ஆனா இன்ஜெக்டருக்கு ரெண்டு பக்கமும் உள்ள வித்தியாசம் 36தான், ஃப்ளோ 9 சதவீதம் குறைஞ்சிருச்சு. லாம்டா 0.80ல இருந்து 0.88க்கு போக அது போதும்.

காரணம் பெரும்பாலும் பம்ப். மேல சொன்ன 1300 சிசி நாலு இன்ஜெக்டரும் 85 சதவீத டியூட்டில குடிக்கிறது மணிக்கு 265 லிட்டர், அதுவும் 65 பிஎஸ்ஐ எதிர்ப்புக்கு எதிரா. 255 லிட்டர்னு பேர் போட்ட பம்ப் அந்த 255ஐ குறைஞ்ச பிரஷர்லதான் குடுக்கும், பிரஷர் ஏற ஏற இறங்கிரும். எத்தனாலுக்கு ஏத்ததுன்னு தயாரிக்கிறவங்களே எழுதிக்குடுத்த பெரிய பம்ப்தான் போடணும், சும்மா பெட்ரோல் பம்ப்ப ஈ85ல விட்டா கொஞ்ச நாள்ல சத்தம் போட ஆரம்பிக்கும்.

பம்ப் பெருசு, ஆனாலும் பிரஷர் விழுதா? லோட்ல பம்ப் கனெக்டர்லயே வோல்டேஜ் அளங்க. நான் ஒருதடவை ரெண்டு வாரம் அலைஞ்சேன், ஒரு கடைல வாங்குன செட்டத் திட்டிக்கிட்டே, கடைசில பேட்டரில 13.9, பம்ப்கிட்ட 11.4. கம்பெனி வயர் மெலிசு, அவ்வளவுதான். தடிச்ச வயர் இழுத்து தனி ரிலே போட்டதும் அதே இன்ஜெக்டர் அதே டியூன்ல லாம்டா கோடு போட்ட மாதிரி நின்னுச்சு. இன்ஜெக்டர்கிட்ட மன்னிப்பு கேக்க முடியாது, அதான் இத எழுதுறேன்.

ஃபில்டரையும் மறந்துராதீங்க. பெட்ரோல்ல பல வருஷம் ஓடுன டேங்க்ல ஒட்டியிருந்த பழைய பிசின எத்தனால் கரைச்சு கொண்டுவந்து ஃபில்டர்லயும் இன்ஜெக்டர் வாய்ல இருக்கிற சின்ன வலைக்கூடைலயும் அடைச்சிரும். ஈ85க்கு மாறுனா முதல் ரெண்டு மூணு டேங்க்குக்குள்ள ஃபில்டர ஒருதடவை மாத்துங்க. பம்ப்புக்கு முன்னாடி 100 மைக்ரான் ஸ்டெயின்லெஸ் வலை, பின்னாடி 10 மைக்ரான், பேப்பர் ஃபில்டர் வேணாம், எத்தனால்ல ஊறி உப்பிரும்.

நிஜமாவே டியூட்டிதான் தீந்துபோச்சு, அதுவும் கொஞ்சம்தான் பத்தலன்னா, செட்ட மாத்துறதுக்கு முன்னாடி பேஸ் பிரஷர 3ல இருந்து 4 பாருக்கு ஏத்திப் பாருங்க, 15 சதவீதம் கிடைக்கும். ஆனா பம்ப்புக்கு அந்த தெம்பு இருக்கணும், ஃப்ளோ நம்பரோட டெட் டைமும் மாறும், ரெண்டையும் டேபிள்ல மாத்தாம விட்டா முதல் அறிகுறிக்கே திரும்ப வந்துருவீங்க.

டேங்க் ரொப்புன பிறகு எல்லா இடத்துலயும் ரிச் இல்ல லீன்

இது இன்ஜெக்டரே இல்ல. ஈ85ன்னு பேர் இருந்தாலும் உள்ள எப்பவும் 85 சதவீதம் எத்தனால் இருக்கணும்னு இல்ல, அமெரிக்க தரநிலைப்படியே 51 முதல் 83 வரைக்கும் இருக்கலாம், குளிர்காலத்துல குறைப்பாங்க. 80ல டியூன் பண்ண வண்டில 60 வந்தா ரிச் ஆகும், பவர் குறையும், அதோட நாக் (கலவை தானா வெடிக்கிறது) தாங்குற சக்தியும் குறையும், அதுதான் பயம். எத்தனால் சென்சார் ஒண்ணு லைன்ல போடுங்க. வழக்கமா கிடைக்கிற வகை 50 ஹெர்ட்ஸ்னா சுத்த பெட்ரோல், 150னா சுத்த எத்தனால், 135 வந்தா 85 சதவீதம். சென்சார் இல்லன்னா அளவுக் குழாய்ல தண்ணி கலந்து பிரிச்சுப் பாக்கிற சோதனையாவது ஒவ்வொரு ரொப்புக்கும் செய்யுங்க.

மீட்டர் காட்டுறதையும் குழப்பிக்காதீங்க, பெட்ரோல் ஸ்கேல்ல இருக்கிற மீட்டர் ஈ85லயும் லாம்டா 1க்கு 14.7ன்னுதான் காட்டும், 9.8ன்னு காட்டாது. லாம்டாலயே பேசப் பழகிட்டா இந்த குழப்பமே வராது.

ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தகராறு

வைட்பேண்ட் (லாம்டா அளக்கிற சென்சார்) எல்லா சிலிண்டரோட சராசரியதான் காட்டும், ஒண்ணு 8 சதவீதம் லீனா ஓடிக்கிட்டு இருந்தாலும் மத்த மூணும் மூடி மறைச்சிரும். மேட்ச் பண்ணாத மலிவு செட்ல உண்மையான ஆபத்து இங்கதான் இருக்கு, இதுல நான் கறாரா இருப்பேன்.

சந்தேகம் வந்தா அந்த இன்ஜெக்டர பக்கத்து சிலிண்டருக்கு மாத்துங்க. பிரச்சனை கூடவே போச்சுன்னா இன்ஜெக்டர், அங்கயே நின்னா வயரிங், கனெக்டர், ப்ளக், காயில், காத்துக் கசிவு. கனெக்டர் அடாப்டர் போட்டு மாட்டியிருந்தா அத முதல்ல ஆட்டிப் பாருங்க, மலிவு அடாப்டர்ல பின் லூசா இருந்து சூட்டுல விட்டுப்போறது நிறைய. அப்புறம் மல்டிமீட்டர்ல ஓம் பாருங்க, நாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரணும். இன்ஜெக்டர்தான்னு உறுதியானா ஃப்ளோ பெஞ்ச்ல குடுத்து அளந்து வாங்குங்க, பெரிய பல்ஸ்ல மட்டும் இல்ல சின்ன பல்ஸ்லயும் அளக்கச் சொல்லுங்க. முழுசா திறந்து வெச்சு அளந்தா நாலும் ஒண்ணுபோல இருக்கும், 2 மில்லிசெகண்ட்ல அளந்தா ஒண்ணு தனியா நிக்கும், அது ஐடில்ல குலுக்கும்.

ஈசியூ சூடாகுது, இன்ஜெக்டர் திடீர்னு நிக்குது

ஓம் பாத்தீங்களா? 12 ஓமுக்கு மேல இருக்கிறது ஹை இம்பீடன்ஸ், நேரா மாட்டலாம், 14 வோல்ட்ல ஒரு ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும். 2, 3 ஓம் இருக்கிறது லோ இம்பீடன்ஸ், அது 4, 5 ஆம்பியர் இழுக்கும், அதுக்குன்னு டிரைவர் இல்லாத ஈசியூல மாட்டுனா டிரைவர் சிப் வெந்துரும். பழைய ரேஸ் செட் மலிவா கிடைக்குதுன்னு வாங்குறவங்க இங்கதான் மாட்டிக்கிறாங்க. ரெசிஸ்டர் பேக் போட்டு ஓட்டலாம், ஆனா டெட் டைம் கூடும், பெரிய சைஸ்ல ஐடில் கட்டுப்பாடு இன்னும் மோசமாகும். இன்னைக்கு பாஷ் கம்பெனியோட ஈவி14 வகை உடம்புல 1000 சிசிக்கு மேலயே ஹை இம்பீடன்ஸ்ல கிடைக்குது, அதனால லோ இம்பீடன்ஸ தேடிப்போற அவசியமே இல்ல. பழைய சீமென்ஸ் டெக்கா 80 பவுண்டு செட்டும் ஹை இம்பீடன்ஸ்தான், டெட் டைம் விவரம் ஊரறிஞ்சது, ஆறு எட்டு சிலிண்டர்ல மிதமான பவருக்கு இன்னமும் நியாயமான தேர்வு.

காலைல ஸ்டார்ட் ஆகல

எத்தனால் குளிர்ல சரியா ஆவியாகாது, பெட்ரோல்ல இருக்கிற லேசான பகுதிகள் அதுல இல்ல, ஆவியாக இழுக்கிற வெப்பமும் பெட்ரோலவிட ரெட்டிப்புக்கு மேல. அதனால க்ராங்க் பண்ணும்போது பெட்ரோலுக்கு போட்டத விட நிறைய ஊத்தணும். அதுக்கு மேல, ஸ்டார்டர் சுத்தும்போது வோல்டேஜ் 9, 10க்கு இறங்கும், அந்த இடத்துல டெட் டைம் டேபிள் தப்பா இருந்தா கேட்ட எரிபொருள் முழுசா உள்ள வராது. ட்யூனர் க்ராங்கிங் டேபிள ஏத்தி ஏத்தி பாக்கிறதுக்கு முன்னாடி அந்த 9, 10 வோல்ட் வரிசைய பாக்கச் சொல்லுங்க.

காலைல மட்டும் கஷ்டம், ஸ்டார்ட் ஆனதும் குப்புன்னு புகை, ஆயில் மட்டம் மெல்ல ஏறுது, டிப்ஸ்டிக்ல எரிபொருள் வாசனைன்னா ஏதோ ஒரு இன்ஜெக்டர் சொட்டுது. பம்ப்ப மட்டும் ஓட விட்டு நிறுத்திட்டு ரெயில் பிரஷர பாருங்க, சடசடன்னு விழுந்தா ரெயிலோட இன்ஜெக்டர வெளிய இழுத்து கீழ காகிதம் விரிச்சு வைங்க, எது நனைக்குதோ அதுதான். எதுவும் நனைக்கலன்னா பம்ப்ல இருக்கிற திருப்ப விடாத வால்வோ ரெகுலேட்டரோ. ஆயில உடனே மாத்துங்க.

லாம்டா சரியா இருக்கு, ஆனா மிதிச்ச உடனே தடுமாறுது

ஸ்ப்ரே. சின்ன இன்ஜெக்டரோட நுனிய துளைபோட்டு பெருசாக்கி விக்கிறது உண்டு, நம்பர் வரும், ஆனா தூவலுக்கு பதிலா ஒரே தாரையா பீச்சும். எத்தனால் ஏற்கனவே மெதுவாத்தான் ஆவியாகும், தாரையா விழுந்தா போர்ட் சுவத்துல ஒட்டி வழிஞ்சு தாமதமா உள்ள போகும். மிதிக்கும்போது லீன், விடும்போது ரிச். ஆக்ஸிலரேஷன் என்ரிச்மென்ட் (மிதிச்ச உடனே கூடுதலா ஊத்துறது) கூட்டி ஓரளவு சமாளிக்கலாம், ஈ85க்கு எப்படியும் அது பெட்ரோலவிட அதிகம் வேணும், ஆனா தாரைய தூவலாக்க எந்த டேபிளும் இல்ல. இந்த இடத்துல கம்மி விலைதான் குத்தவாளி, திருப்பிக் குடுத்துருங்க.

போலியும் இருக்கு. பாஷ் பேரு, பார்ட் நம்பர் எல்லாம் அச்சடிச்சிருக்கும், ஆனா அந்த நம்பர தேடுனா வேற ஃப்ளோ வரும், நாலுலயும் எழுத்து ஆழம் வேறவேற, ஓம் வேறவேற. மாட்டுறதுக்கு முன்னாடி ஓம் அளந்து, நம்பரையும் தேடிப் பாத்துருங்க, பத்து நிமிஷ வேலை.

ரெண்டு மாசம் நிறுத்தி எடுத்தா ஒண்ணு ரெண்டு வேலை செய்யல

எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும், தண்ணி சேர்ந்தா ஸ்டெயின்லெஸ் இல்லாத உள்பாகம் துருப்பிடிச்சு ஊசி ஒட்டிக்கும். இயற்கை எரிவாயுவுக்குன்னு செஞ்ச பெரிய இன்ஜெக்டர திரவ எரிபொருளுக்கு மாத்தி விக்கிறதுல இது கூடுதலா பாக்கணும், உள்பாகம் எத்தனாலுக்கு ஏத்ததான்னு எழுத்துல வாங்குங்க. ஓரிங்கும் (கசிவு தடுக்கிற ரப்பர் வளையம்) விட்டான் வகையா இருக்கட்டும், சாதா நைட்ரைல் நாளாக ஆக உப்பி கசியும். டிக் டிக் சத்தம் வராத இன்ஜெக்டர அல்ட்ராசோனிக்ல போட்டு எடுத்தா பல நேரம் உயிர் வந்துரும், துரு ஏறியிருந்தா வராது. நுனில கருப்பா பிசுபிசுன்னு கோந்து மாதிரி இருந்தா க்ளீனர்ல ஊறவெச்சு துடைங்க, பிரஷ்ஷோ கம்பியோ வெச்சு துளைகள குத்தாதீங்க. வண்டிய நீண்ட நாள் நிறுத்துறதா இருந்தா, பெட்ரோலுக்கும் டியூன் இருக்குன்னா, ஈ85 தீர்ற வரைக்கும் ஓட்டி அரை டேங்க் பெட்ரோல் ஊத்தி பதினஞ்சு இருபது நிமிஷம் ஓட்டிட்டு அப்புறம் நிறுத்துங்க.